அரை அங்குலக் கடிதங்கள்

அத்தியாயம் 14

கண்காட்சி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் சின்னவள் ஒண்டியாளாக நான்கு நீள மேசைகளை இழுத்துச் சேர்த்து, மேலே வெள்ளைத் தாள் விரித்து, கூடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு பேர் பின்னிய இருபத்திரண்டு கூடைகள். உள்ளங்கையில் நிற்கிற அளவுதான் ஒவ்வொன்றும். பழைய நோட்டு, பழைய காலண்டர், பழைய பரீட்சைத் தாள் என்று கிடைத்த காகிதத்தையெல்லாம் அரை அங்குலப் பட்டைகளாக நறுக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னியவை. விளிம்பில் மட்டும்தான் பசை.

மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவள் இங்கே கைவேலை வகுப்பு எடுக்கிறாள். கீழே புத்தகம் எடுக்க வருகிறவர்கள் மாடியில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வகுப்புக்குத்தான் போன வாரம் ஆபத்து வந்திருந்தது. கூடத்தைக் கணினி அறையாக்கப் போகிறோம் என்று நூலகக் குழு எழுதிவிட்டது. தலைமை நூலகர் மேடம் மல்லுக்கட்டி வாங்கிய ஒரே சலுகை இந்தக் கண்காட்சி. குழுத் தலைவர் மூன்று மணிக்கு நேரில் வருவார், பார்ப்பார், பிறகு முடிவு சொல்வார்.

ஆகவே எந்தக் கூடைக்கு எந்தப் பக்கம் எடுப்பு என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்தாள்.

ஏழாவது கூடை 'தந்தி'யுடையது. ஓய்வு பெற்ற தபால்காரர். நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசமாட்டார் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவர் கூடையின் வயிற்றுப் பகுதியில் ஒரு பட்டை நீல மையில் முழு வரியாகத் தெரிந்தது.

'அப்பாவோட கை ஆறிடுச்சாம்மா? மடக்க வருதா?'

அக்கா பெரியவளின் பழைய நர்சிங் நோட்டுதான் இதில் நிறைய கலந்திருக்கிறது, நோயாளி யாரையோ பற்றிய குறிப்பு என்று நினைத்து வைக்கப் போனாள். வைக்கவில்லை.

எழுத்துகள் எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றடித்த பயிர் மாதிரி. அவளுக்குத் தெரிந்து அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான். இடது கைக்காரன். அவளுடைய அண்ணன்.

கூடையை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. அப்பாவின் சோஃபா பட்டறையில் ஒரு மதிய வேளையில் இஸ்திரிப் பெட்டியை யாரோ அணைக்காமல் விட, பஞ்சும் ரெக்சினும் பற்றிக்கொண்டு பட்டறையே போயிற்று. தையல் மெஷினையாவது இழுத்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்த அப்பாவுக்கு வலது கை வெந்தது. "நான்தான் அணைக்க மறந்துட்டேன்" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தோள் வரை கட்டோடு அப்பா சொன்ன பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"இந்தக் கை ஆறுற வரைக்கும் என் கண்ணுல படாதே."

கை ஆறியது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. அப்பா இப்போது ஒரு வாகன நிறுத்தத்தில் இடது கையால் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். அண்ணன் வரவுமில்லை, ஒரு வரி எழுதவுமில்லை. அவனுடைய பழைய கைபேசி எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். எழுதத் தெரியாத பிள்ளையா என்று அம்மா கேட்டுக்கேட்டே ஓய்ந்துபோனாள்.

ஒரு வரிகூட எழுதவில்லை என்றுதான் இந்த நிமிடம் வரை சின்னவளும் நம்பியிருந்தாள்.

அவள் அடுத்த கூடையை எடுத்தாள். இல்லை. அதற்கடுத்தது, ஒரு ஓரத்தில், சாய்ந்த எழுத்து. 'இங்க மழை. நான் வேலை செய்யற இடத்துல'. இன்னொன்றில் வெறும் 'அம்மா'. இன்னொன்றில் மறுபடியும் 'கை ஆறிடுச்சா'. எண்ணிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. ஒன்பது கூடைகளில் அண்ணன் இருந்தான்.

இரண்டு சனிக்கிழமைகளாக வகுப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, விரல் எப்படிப் போகிறது, பின்னல் இறுக்கமா என்று பார்த்தவள், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடும் அறை கீழே பின்கட்டில் இருந்தது. அங்கே பெரிய வெட்டு இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பைண்டர். எதைச் சொன்னாலும் முதலில் குறுக்கே வெட்டுவார். கத்திரி என்று அவருக்குப் பட்டப்பெயர்.

"அண்ணே, போன மாசம் நான் வெட்டக் கொடுத்த கட்டு எதுவும் மிச்சம் இருக்கா?"

"வெட்டக் கொடுத்ததை வெட்டாம வச்சிருந்தா நீ சும்மா விடுவியா?"

"எங்க வீட்டுல இருந்து கொண்டு வந்த கட்டு அண்ணே. பழுப்பு அட்டை போட்டது."

"அந்த அட்டை இருக்கு. நல்ல கனம். நாலு புத்தகத்துக்கு ஆகும்னு எடுத்து வச்சேன்." அலமாரியின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். "கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. அவிழ்க்காம அப்படியே கத்தியில வச்சுட்டேன். நடுவுல நீளக் கவரா கொஞ்சம் இருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"கவர் ஒட்டியிருந்துச்சா, பிரிச்சிருந்துச்சா?"

பைண்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் குறுக்கே வெட்ட மனசு வரவில்லை.

"ஒட்டினபடிதான் இருந்துச்சு டீச்சர். ஒண்ணுகூடப் பிரிக்கல."

அட்டையின் மேல் பெரியவளின் குண்டு எழுத்தில் பயிற்சிப் பள்ளி வரிசை எண் இருந்தது. பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாதான் மூன்று கட்டுகளை இறக்கி, "உன் வகுப்புக்கு ஆகுமா பாரு" என்று கொடுத்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டாள். அப்படியானால் அப்பா.

அப்பாதான். கடிதங்களை வாங்கி, பிரிக்காமல், யாரும் தொடமாட்டார்கள் என்று அக்காவின் நோட்டுக்கட்டுக்குள் செருகியிருக்கிறார். அம்மா கண் எதிரே ஏழு வருடமாகக் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டே. சின்னவளுக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்தில் காது அடைத்துக்கொண்டது.

மாடிக்குத் திரும்பியபோது தந்தி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிவிட்ட தலை. தன் கூடை எங்கே என்று மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க தெருவுக்கு நீங்கதானே ரொம்ப நாள் தபால் கொடுத்தீங்க?"

"பதினோரு வருஷம்."

"எங்க வீட்டுக்கு நீளக் கவர்ல கடிதாசி வருமா? எழுத்து இப்படிச் சாய்ஞ்சு இருக்கும்."

கூடையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வரும். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. உங்கம்மா பேருக்கு."

"யார் கையில கொடுப்பீங்க? அப்பா கையிலயா?"

"இல்லம்மா. உங்கக்கா. கேட்டுலயே நிப்பா. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, என்கிட்டயே கொடுங்கன்னா."

சின்னவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"கவர் பின்னாடி அனுப்பினவர் விலாசம் இருக்குமா? எந்த ஊர்னு ஞாபகம் இருக்கா ஐயா?"

"முன்பக்கம் பாப்பேன். பின்பக்கம் என் வேலை இல்ல." பிறகு, அவரைப் பொறுத்தவரை ஒரு பெரிய சொற்பொழிவாக, மெதுவாகக் கேட்டார். "நான் கொடுத்தது எதுவும் உங்கம்மா கைக்குப் போகலையா?"

அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். பெரியவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான்.

"என்னடி, வேலையில இருக்கேன்."

"அக்கா, பரண்ல உன் நர்சிங் நோட்டுக் கட்டு ஒண்ணு இருந்துச்சில்ல?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தள்ளுவண்டி உருண்டு போயிற்று.

"அதை யார் எடுத்தா?"

"அம்மா எனக்குக் கொடுத்தா. வகுப்புக்கு."

"அங்கயே இரு. யார்கிட்டயும் எதுவும் பேசாத. வர்றேன்."

பத்து நிமிடத்தில் வந்தாள். சீருடையோடு, தலையில் குத்திய தொப்பியைக்கூட எடுக்காமல். சின்னவள் அவளைப் பொருள் வைக்கிற சிறிய அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாயப் புட்டிகளுக்கும் தாள் சுருள்களுக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"எல்லாத்தையும் வெட்டியாச்சா?" என்றாள் பெரியவள்.

"இதைத்தான் முதல்ல கேப்பியா?"

"சொல்லு. எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எத்தனை அக்கா அது?"

"முப்பத்தொண்ணு."

யோசிக்காமலேயே அந்த எண் வந்தது. சின்னவளுக்கு அதைக் கேட்டுத்தான் அழுகை முட்டியது. மாலை வேலை கேட்டு வாங்கி, காலையில் வீட்டில் இருந்தவள் இவள். ராத்திரி அம்மா, "தபால் ஏதாவது வந்துச்சாடி?" என்று கேட்கும்போது சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிராமல், "இல்லம்மா" என்று சொன்னவளும் இவள்தான். வருடக்கணக்காக.

"நீ மனுஷிதானா?"

"கேளு. திட்டு. ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டு." பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "முதல் கடிதாசி வந்தப்ப, சாயங்காலம் கொடுத்துடலாம்னுதான் வாங்கி வச்சேன். அதுல என்ன எழுதியிருப்பான்னு நினைக்க நினைக்கப் பயம்தான் வந்துச்சு. கொடுக்கல. ரெண்டாவது வந்தது. முதல் ஒண்ணு எங்கன்னு அம்மா கேப்பாளே. அதையும் கொடுக்கல. அப்புறம் அது அப்படியே..."

"என்ன எழுதியிருப்பான்னு நினைச்ச?"

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இஸ்திரிப் பெட்டியை அணைக்காம விட்டது அவன் இல்ல."

"பின்ன?"

"மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரியில நேர்முகத் தேர்வு. வீட்டுல கரண்ட் இல்ல. சட்டை தேய்க்கப் பட்டறைக்குப் போனேன். தேய்ச்சேன், மாட்டிக்கிட்டுக் கண்ணாடி பாத்தேன், வந்துட்டேன். புகையைப் பாத்துட்டுத் திரும்ப ஓடினேன், எனக்கு முன்னாடியே அவன் அங்க நின்னான். என்னைப் பாத்தான், என் சட்டையைப் பாத்தான். 'நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்'னான். அப்பா கை வேகும்னு அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது."

வெளியே கூடத்தில் தந்தி நாற்காலிகளை வரிசைப்படுத்தும் சத்தம் கேட்டது.

"அவன் உண்மையை எழுதியிருப்பான்னு பயந்தே. பிரிச்சுப் பாத்திருக்கலாமே," என்றாள் சின்னவள்.

"பிரிச்சா தெரிஞ்சுடும். பிரிக்காத வரைக்கும், ஒருவேளை எழுதியிருக்க மாட்டானோன்னு இருக்கலாம்ல." பெரியவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா வர்றதும் இல்ல. சலிச்சுப் போய் விட்டுட்டான்னு நினைச்சேன்."

"மூணு மணிக்கு அப்பாவும் அம்மாவும் இங்க வர்றாங்க."

பெரியவள் நிமிர்ந்தாள். "கூடையெல்லாம் எடுத்துப் பூட்டு. கண்காட்சி இன்னொரு நாள்னு சொல்லு."

"இன்னைக்கு விட்டா இந்த வகுப்பே இல்ல அக்கா."

"வகுப்பு பெருசா, வீடு பெருசா?"

"இந்தக் கேள்வியை நீ கேக்காத."

முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்க வேண்டும். பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். "சொல்றேன்டி. நானே சொல்றேன். இன்னைக்கு வேண்டாம். ஒரு வாரம் கொடு."

"ஏழு வருஷம் எடுத்துக்கிட்டே."

கதவைத் திறந்துகொண்டு பெரியவள் வெளியே வந்தாள். படிக்கட்டை நோக்கி நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள்.

எங்கே போனாலும் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுகிற பழக்கம் அப்பாவுக்கு. அவர் படியேறி வந்துகொண்டிருந்தார். பின்னால் அம்மா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"நீயும் வந்துட்டியா? வேலைன்னு சொன்னே," என்றாள் அம்மா பெரியவளிடம். முகமெல்லாம் சந்தோஷம். "நல்லதாப் போச்சு. சின்னவ பண்ணினதைக் குடும்பத்தோட பாக்கலாம்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. வழியும் விடாமல், வரவும் செய்யாமல் படி ஓரம் ஒட்டி நின்றாள்.

"அம்மா, இன்னும் எதுவும் தயார் இல்ல. கீழே போய் உக்காருங்க, கூப்பிடறேன்," என்றாள் சின்னவள்.

"எனக்குத் தயார் எதுக்கு? நான் என்ன குழுத் தலைவரா?"

அம்மா துணி தைக்கிறவள். எந்தக் கைவேலையைக் கண்டாலும் கண்ணால் மட்டும் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. தொட வேண்டும், விளிம்பைத் தடவ வேண்டும், உள்பக்கம் திருப்ப வேண்டும். முதல் கூடையைத் திருப்பினாள், வைத்தாள். இரண்டாவதைத் திருப்பினாள், வைத்தாள். மூன்றாவதை வைக்கவில்லை.

சின்னவள் இரண்டடி எடுத்து வைத்தாள். அதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா கூடையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வாய்விட்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"'ஒரு வரி போடும்மா... உடனே வந்துடறேன்.'"

தந்தி தூக்கிக்கொண்டிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"இது அவன் எழுத்து," என்றாள் அம்மா. அதட்டிக் கேட்பது போல இருந்தது குரல். "இது என் பிள்ளை எழுத்து. இங்க எப்படி வந்துச்சு?"

அப்பா மேசையருகே வந்தார். இடது கையால் பக்கத்துக் கூடையை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். அதில் ஒரு பட்டை நீளமாக வெளியே தெரிந்தது. அவர் வாசித்ததும் அவர் கழுத்து நரம்பு எழுந்து நின்றதைச் சின்னவள் பார்த்தாள். அப்பா எதையும் சத்தமாக வாசிக்கிறவர் இல்லை. இதை வாசித்தார்.

"'இஸ்திரிப் பெட்டியை அணைக்காம விட்டது என் தப்புதான். அப்பா கோபம் நியாயம்.'"

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

உண்மையை எழுதியிருப்பான் என்று பயந்துதானே முப்பத்தொன்றையும் மறைத்தாள். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில், கண்காணாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, காகிதத்திலும் அவள் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவளுக்கு இப்போது வழி திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். கடிதத்தை மறைத்த குற்றம் மட்டும்தான் மிஞ்சும், அதையும் எப்படியாவது பூசி மெழுகிவிடலாம். அவள் தலைத் தொப்பியைக் கழற்றினாள். கையில் வைத்துக் கசக்கினாள். படியிறங்கிப் போய்விடுவாள் என்றே சின்னவள் நினைத்தாள்.

"அது பொய்ப்பா," என்றாள் பெரியவள்.

அப்பா திரும்பினார்.

"அன்னைக்கு அணைக்காம விட்டது நான். அவன் எனக்காகச் சொன்னான். கடிதாசியெல்லாம் வாங்கி ஒளிச்சு வச்சதும் நான்தான். எதையும் பிரிச்சுப் படிக்கல. அம்மா தெரியாம இங்க கொடுத்துட்டா, இவளும் தெரியாம வெட்டிட்டா. இவங்க மேல தப்பு இல்ல."

அம்மா கூடையை மார்போடு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் தினம் கேட்டேனேடி," என்றாள்.

அப்பா கையை ஓங்கக்கூடும் என்று சின்னவள் பயந்தாள். ஓங்கவில்லை. மடங்காத தன் வலது கையை மேசைமேல் வைத்து, அதை அவரே புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறுற வரைக்கும்னு சொன்னேன்," என்றார். "அதைப் போய் அப்படியே எடுத்துக்கிட்டிருக்கான்."

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இதைப் பிரிக்க முடியுமா?"

"முடியும்பா. விளிம்புல மட்டும்தான் பசை. ஆனா இது எல்லாம் வகுப்புல உள்ளவங்களோட..."

"முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்போ பிரி. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

தந்தி மேசைக்கு வந்தார். தன் கூடையை எடுத்தார். இரண்டு சனிக்கிழமை நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னிய கூடை. விளிம்பை நகத்தால் கீறி, ஒரே இழுப்பில் பிரித்தார்.

"கொடுக்காம விட்ட தபால்," என்றார். "கொடுத்துடணும்."

வகுப்பு ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். நல்ல உடை, துணைக்கு வீட்டு ஆட்கள், படம் எடுக்கக் கைபேசி. என்ன நடக்கிறது என்று தந்தி இரண்டிரண்டு வார்த்தையில் சொன்னார். அழைப்பிதழில் படமாக வந்த கூடை மளிகைக்கடைக்கார அம்மாவுடையது. "என்னோடதுல அந்தத் தாள் இருக்காது" என்று முதலில் முந்தானைக்குள் ஒதுக்கினாள். ஜன்னலுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் தலைமை நூலகர் மேடம் மேலே வந்தார். மேசையைப் பார்த்தார். கூடைகள் பாதிக்கு மேல் காகிதக் குப்பையாகக் கிடந்தன.

"என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க? தலைவர் வண்டி கேட்டுக்குள்ள வந்தாச்சு."

சின்னவள் சொன்னாள். நாலே வாக்கியம். மேடம் கேட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மேசை ஓரம் கூடையை மார்போடு அணைத்தபடி இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"கீழே குழந்தைகள் பிரிவை அவருக்கு இன்னும் சுத்திக் காட்டல. பழைய நாளிதழ் அறை இருக்கு. ஒரு மணி நேரம் என்னால இழுக்க முடியும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு காகிதம் உரசும் சத்தம்தான். நர்சிங் குறிப்பு ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம், சாய்ந்த எழுத்து எல்லாம் அம்மா முன்னால். நீல மை, கறுப்பு மை, கோடு போட்ட தாள், போடாத தாள் என்று துணி பிரிப்பதுபோல அம்மா பிரித்து அடுக்கினாள். 'கை ஆறிடுச்சா' மட்டும் பதினேழு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பக்கமாகத் தனியே வைத்துக்கொண்டார்.

விலாசத்தில் கதவு எண் கிடைத்தது. 'மூணாவது மாடி' கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

பெரியவள் இன்னும் படிக்கட்டு ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, போகச் சொல்லவும் தோன்றவில்லை.

"வேலைக்கு நேரமாச்சுன்னா போ," என்றாள் அம்மா, தலை தூக்காமல்.

பெரியவள் போகவில்லை.

அம்மா ஒரு பட்டையைக் கையில் வைத்துத் தடுமாறினாள். "இது என்ன வார்த்தை? எனக்குப் பிடிபடல." சின்னவளிடம் நீட்டினாள்.

சின்னவள் வாசிக்க ஆரம்பித்தபின்தான், மனசுக்குள் வாசித்திருக்கலாம் என்று தோன்றியது.

"'ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். சம்மதப் படிவம் இதோட வச்சிருக்கேன். பயப்படாதேம்மா.'"

அம்மா பிடித்திருந்த பட்டைகள் எல்லாம் மடியில் சரிந்தன.

அடுத்த நொடி பெரியவள் மேசையருகே இருந்தாள். பட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தப் பெரியவள் வேறு. வார்டில் மணியடித்ததும் ஓடுகிறவளின் குரல் வந்தது.

"படிவம்னா அச்சடிச்ச தாள். இதைவிடக் கனமா, வழவழன்னு இருக்கும். கட்டம் போட்டிருக்கும். அதுல ஆஸ்பத்திரி பேரு, பிரிவு, தேதி எல்லாம் மேல இருக்கும். என்ன ஆபரேஷன்னும் இருக்கும். நோட்டுப் பக்கம் ஒதுக்கினதுல கலந்திருக்கும், அதைத் திரும்பப் பாருங்க."

அவளிடமிருந்து உத்தரவு வாங்குவதா என்று எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டுத் தாள் குவியலில் பாதியை வாரி, மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளினார். பெரியவள் நாற்காலியைக்கூட இழுக்காமல் மண்டியிட்டு அதில் கைவிட்டாள்.

முதலில் கண்டுபிடித்தது மளிகைக்கடைக்கார அம்மா. "இதுவா பாருங்க," என்று ஒரு வழவழப்பான துண்டை நீட்டினாள். கட்டத்தின் அடிப்பகுதி. அச்சு எழுத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த எழுத்து. சின்னவள் அக்காவின் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

'கையொப்பமிடுபவர் நோயாளிக்கு என்ன உறவு' என்று அச்சடித்திருந்தது. எதிரே அண்ணன் தன் கையாலேயே முன்கூட்டி நிரப்பியிருந்தான்.

'அக்கா.'

கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பெரியவளின் உதடு ஒருமுறை துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்து அம்மா தன்னையறியாமல் கையை நீட்டினாள். பெரியவள் அழவில்லை. அந்தத் துண்டைச் சீருடைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் குவியலுக்குள் கையை விட்டாள்.

"தேதியைத் தேடுங்க," என்றாள். "எனக்கு முதல்ல தேதி வேணும். இதுக்கப்புறம்தான் கடிதாசி நின்னுச்சான்னு தெரியணும்."

கீழே படிக்கட்டில் மேடத்தின் குரலும், கூடவே பல செருப்புச் சத்தமும் ஏறி வந்துகொண்டிருந்தன.